பால்மாவும் பட்டிப்பாலும்: காரைதீவுக் கரையோரத்தில் வாசனைத் தேநீரின் சமூக வரலாறு

அரண்மனைகளையும் கல்வெட்டுகளையும் மாத்திரம் சான்றாகக் கொண்டு வரலாறு எழுதிய காலம் பெரிதும் கடந்துவிட்டது. மக்கள் எதனை உண்டனர், எதனைப் பருகினர், அவை எவர் உழைப்பினால் எவ்வழியாக அவர்தம் அடுக்களையை அடைந்தன என்பனவும் சமூக வரலாற்றின் வினாக்களே. அத்தகைய சிறியதொரு வினாவையே நாம் இங்கு எடுத்துக்கொள்கிறோம். இஞ்சி, ஏலம், கறுவா, கராம்பு ஆகியவற்றுள் ஒன்றையோ பலவற்றையோ சேர்த்துப் பாலுடன் வீட்டில் ஆக்கப்படும் தேநீர், கிழக்கிலங்கையின் கரையோர வாழ்விற்கு எவ்வாறு வந்து சேர்ந்தது என்பதே அவ்வினா.

ஆய்வுக் களமாக நாம் கொள்வது காரைதீவும் அதனை அடுத்த ஊர்களுமாகும். இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியராக 1943ஆம் ஆண்டிற் பதவியேற்ற சுவாமி விபுலாநந்தர் 1892இற் பிறந்த ஊர் என்பதனால் காரைதீவு தமிழ் மாணவர் அனைவரும் அறிந்த பெயராகும். கரையோரப் பெருந்தெருவில் அதன் வடக்கே மாளிகைக்காடும் சாய்ந்தமருதும் கல்முனையும், தெற்கே நிந்தவூரும், அம்பாறை செல்லும் பாதையில் மாவடிப்பள்ளியும் சம்மாந்துறையும் உள்ளன. தமிழரும் முஸ்லிம்களும் ஒரே மொழியைப் பேசி, ஒரே வயல்வெளியின் நெல்லை உண்டு, அடுத்தடுத்து வாழும் பிரதேசம் இது. தாய்வழிக் குடிமரபும், மகளுக்கு வீடு கொடுத்து மருமகனை அங்கு அழைக்கும் வழக்கமும் இரு சமூகத்தாரிடமும் நிலவுவதை மானிடவியலாளர் விரிவாக எடுத்துக்காட்டியுள்ளனர். இங்கு வீடும் அடுக்களையும் பெண்ணின் உரிமை சார்ந்தவை என்பதை நாம் மனங்கொள்ள வேண்டும்.

இப்பிரதேசத்தில் ஒரு முரண்பாடு முனைப்பாகத் தெரிகிறது. மட்டக்களப்பு, அம்பாறைப் பிரதேசங்களின் எருமைத் தயிர் நாடெங்கும் பெயர்பெற்றது. ஆயினும் இக்கரையோர வீடுகளில் விருந்தினர்க்குக் கொடுக்கப்படும் பால் தேத்தண்ணீர், பெரும்பாலும் கடல் கடந்து வந்த பால்மாவினாற் கலக்கப்படுவதாகும். தயிர் மிகுந்த நாட்டில் தேநீருக்குப் பால் ஏன் பொதியில் வருகிறது? இவ்வினாவிற்கு விடை காணாது வாசனைத் தேநீரின் வரலாற்றை எழுதுதல் இயலாது.

1. இலைக்கு முந்திய வாசனை நீர்

வாசனைத் தேநீர் நம் முன்னோரின் தொன்மையான பானம் என்று பலர் கருதுகின்றனர். இக்கருத்து பாதி உண்மையே. தொன்மையானது வாசனை நீர், தேநீர் அன்று. மல்லியையும் வேர்க்கொம்பையும் இடித்து அவித்த நீர் காய்ச்சலுக்கும் தடிமனுக்கும் வீட்டு வைத்தியமாக நெடுங்காலம் வழங்கிற்று. உணவினைச் சூடு என்றும் குளிர் என்றும் பகுக்கும் அறிவு இதன் பின்னணியில் உள்ளது. தயிரும் இளநீரும் குளிர். இஞ்சியும் மிளகும் சூடு. காரைதீவுக் கண்ணகை அம்மன் கோயிலில் வைகாசியில் நிகழும் குளிர்த்திச் சடங்கு, வெம்மையைத் தணித்து உடலையும் ஊரையும் சமநிலைப்படுத்தும் அதே சிந்தனையின் சமய வடிவம் எனலாம்.

பிற்காலத்தில் இவ்வாசனை நீரோடு முதலிற் சேர்ந்தது தேயிலை அன்று, கோப்பியே. இலங்கையிற் பல இடங்களில் வீட்டுத் தோட்டத்துக் கோப்பிக் கொட்டையை வறுத்து, மல்லியும் வேர்க்கொம்பும் சேர்த்து இடித்து வைத்துக்கொள்ளும் வழக்கம் தேயிலைக்கு முந்தியது. இன்றும் மல்லிக் கோப்பி என்ற பெயர் அதனை நினைவூட்டுகிறது. அதாவது, புதிய பானம் ஒன்று வரும்போது மக்கள் அதனைத் தம் பழைய மருந்தறிவுக்குள் இழுத்துக்கொண்டனர். தேயிலைக்கும் இதுவே பின்னர் நேர்ந்தது.

வாசனைப் பொருள்களுக்கும் தனி வரலாறு உண்டு. போர்த்துக்கேயரையும் ஒல்லாந்தரையும் இத்தீவிற்கு ஈர்த்தது கறுவாவே. போர்த்துக்கேயர் 1628இல் மட்டக்களப்பிற் கோட்டை கட்டியமையும், 1638இல் அதனை ஒல்லாந்தர் கைப்பற்றியமையும் வாசனைப் பொருள் வணிகத்திற்கான போட்டியோடு தொடர்புற்ற நிகழ்ச்சிகளே. மேற்குக் கரையில் நெருக்குதலுக்குள்ளான முஸ்லிம்களைக் கண்டி மன்னன் செனரத் 1626 அளவில் மட்டக்களப்புப் பிரதேசத்திற் குடியமர்த்தினான் என்பது வரலாற்று நூல்களிற் பெரிதும் எடுத்தாளப்படும் செய்தி. பேரரசுகள் போரிட்டுப் பெற்ற கறுவா, இக்கரையின் அடுக்களையிலோ சோற்றுக்கும் கறிக்கும் நோய்க்கும் உரிய எளிய பட்டையாகவே இருந்தது.

2. மலையில் விளைந்த இலை

தேயிலையின் வரலாறு இதனின்றும் வேறுபட்டது. அது அடுக்களையிலிருந்து எழுந்ததன்று. ஏற்றுமதிக்கென நிறுவப்பட்ட பெருந்தோட்டத்திலிருந்து இறங்கி வந்தது. 1867இல் ஜேம்ஸ் ரெயிலர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1873இல் 23 இறாத்தல் தேயிலை இலண்டனுக்கு அனுப்பப்பட்டது. 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பித் தோட்டங்களை அழித்தபின் தேயிலையே மலையகத்தின் முதன்மைப் பயிராயிற்று. தமிழ்நாட்டின் வறண்ட மாவட்டங்களிலிருந்து அழைத்துவரப்பட்ட தொழிலாளரின் உழைப்பு இம்மாற்றத்தின் அடித்தளமாக அமைந்தது.

விளைந்த தேயிலையின் மிகப்பெரும் பங்கு வெளிநாட்டிற்கே சென்றது. இன்றும் பத்தில் ஒன்பது பங்கிற்கு மேல் ஏற்றுமதியாகிறது. உள்நாட்டு மக்கள் அருந்தியது பெரும்பாலும் தூள் தேயிலை. குறைந்த அளவில் மிகுந்த சாயம் தருவதனால் வறிய குடும்பத்திற்கு அது ஏற்றதாயிற்று. உலகப் பொருளாதார மந்தத்தினால் விலை வீழ்ந்த காலத்திலேதான் தோட்டத் தொழிலதிபர் புதிய சந்தைகளை மும்முரமாகத் தேடினர். 1932இல் இலங்கைத் தேயிலைப் பிரசாரச் சபை நிறுவப்பட்டதும், 1933இல் உற்பத்தி நாடுகள் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கை செய்துகொண்டதும் இச்சூழலிலாகும்.

இந்தியாவில் நிகழ்ந்தவற்றை ஒப்புநோக்குதல் இங்குப் பயனுடையது. அங்கு 1903இல் தேயிலைத் தீர்வைச் சட்டம் இயற்றப்பட்டு, அத்தீர்வைப் பணத்திற் பிரசாரம் நடத்தப்பட்டது. 1937 முதல் இந்தியத் தேயிலைச் சந்தை விரிவாக்கச் சபை இதனை மேலும் பரப்பிற்று. புகையிரத நிலையங்களிலும் தொழிற்சாலைகளிலும் தேநீர் தயாரித்துக் காட்டப்பட்டது. பிரசாரகர் கற்பித்தது ஆங்கிலேயர் முறையாகும்: நல்ல இலை, கொதிநீர், சிறிது பால். ஆனால் தெருவோர வணிகர் இலையைக் குறைத்து, பாலையும் சீனியையும் கூட்டி, இஞ்சியும் ஏலமும் இட்டுக் காய்ச்சினர். இலை குறைவாக விற்பனையாகும் என்பதனாற் பிரசாரகர் இதனை விரும்பவில்லை. இன்று இந்தியாவின் மரபுப் பானமென உலகம் போற்றும் மசாலாத் தேநீர், விலையுயர்ந்த இலையை மிச்சம்பிடித்த எளிய மக்களின் உத்தியும் ஆகும். அசாமில் 1930களில் உருவாகி, சுதந்திரத்திற்குப்பின் பரவிய நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் இயந்திர முறை, கடுஞ்சாயம் தரும் மலிவான தேயிலையைப் பெருக்கி, அவ்வுத்தியை நாடளாவிய வழக்கமாக்கிற்று. தமிழ்நாட்டிற் கோப்பி நடுத்தர வர்க்கத்தின் அடையாளமாகவும் தேநீர் உழைக்கும் மக்களின் பானமாகவும் நோக்கப்பட்டதை ஆ. இரா. வேங்கடாசலபதி ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்ற தம் நூலில் ஆராய்ந்துள்ளார்.

3. கரையோரத்தில் தேத்தண்ணீர்

கிழக்கிலங்கைப் பேச்சில் இப்பானம் ‘தேத்தண்ணி’ எனப்படும். ‘தே’ என்னும் சொல் சீனத்தின் ஹொக்கியன் வழக்கிலிருந்து ஒல்லாந்த வணிகத்தின் வழியே கடல்மார்க்கமாகப் பரவியது. ‘சாய்’ என்னும் வடிவமோ பெரிதும் தரைமார்க்கமாகப் பரவியது. நமது வழக்கில் வடித்த இலைநீரைக் குறிக்கும் ‘சாயம்’ என்னும் சொல்லை இதனோடு மயக்குதல் கூடாது. நிறம் என்ற பொருளுடைய தமிழ்ச் சொல்லே இலைநீருக்கு ஆகிவந்தது.

இப்பிரதேசத்தின் பொருளாதாரம் நெற்செய்கையை மையமாகக் கொண்டது. நிலமுடைய போடியார், வேலையை மேற்பார்க்கும் முல்லைக்காரன், கூலியாள் எனப் படிநிலைப்பட்ட உறவுகளுக்குள் வயல்வேலை நிகழ்ந்தது. வயல்வாடியிற் கொதித்த தேத்தண்ணீர் பசியை ஒத்திவைக்கும் பானமாயிற்று. உணவுக்கும் உணவுக்கும் இடையிலான நீண்ட வேலைநேரத்தைத் தாங்குவதற்குச் சீனியும் சாயமும் உதவின. பால் அதில் இன்றியமையாததன்று. பாலில்லாத வெறுந் தேத்தண்ணீரில் ஒரு துண்டு இஞ்சியைத் தட்டிப்போடுதலே இக்கரையோரத்தின் மிக எளிய வாசனைத் தேநீர். வேர்க்கொம்பு நீரின் வாரிசு அது. சாப்பாட்டின்பின் செரிமானத்திற்கும், நோன்பு துறந்து கஞ்சி அருந்தியபின் களைப்பாறவும், மழைக்காலத்துத் தடிமனுக்கும் அது கொடுக்கப்படுகிறது.

சீனியும் எப்போதும் கிடைத்த பொருளன்று. 1970களின் முற்பகுதியில் இறக்குமதிக் கட்டுப்பாட்டினாற் சீனி அருகியபோது, சர்க்கரைத் துண்டைக் கடித்துக்கொண்டு வெறுஞ்சாயத்தை அருந்திய அனுபவம் ஒரு தலைமுறையினரின் பொது நினைவாகும். கல்லோயாப் பள்ளத்தாக்கில் ஹிங்குராணைச் சீனித் தொழிற்சாலை இயங்கியபோதும் நாட்டின் சீனித் தேவையிற் பெரும்பகுதி இறக்குமதியிலேயே தங்கியிருந்தது.

தேநீர் சமத்துவத்தின் பானம் என்று கூறுவோரும் உளர். வரலாறு இதனை முழுமையாக ஏற்காது. உதடு படாது அருந்த உதவிய மூக்குப்பேணி, தூய்மை பற்றிய சாதிய எண்ணத்திற்கும் இடமளித்தது. வடபகுதித் தேநீர்க்கடைகளில் ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் தனிப் பாத்திரத்தில் தேநீர் வழங்கப்பட்டது. பலவற்றுள் அவர்கள் உள்ளே நுழையவும் இயலவில்லை. 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் இயற்றப்பட்டபின்னரும், 1966 ஒக்டோபர் 21ஆந் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்திற்குப் புறப்பட்ட ஊர்வலத்தோடு எழுந்த போராட்டங்களே கடைக் கதவுகளைத் திறந்தன. ஒரே கோப்பையில் தேநீர் அருந்தும் உரிமை போராடிப் பெறப்பட்டதாகும். பானம் தானாக வழங்கியதன்று.

4. பட்டிப்பாலும் பால்மாவும்

இனி நாம் முதலில் எழுப்பிய முரண்பாட்டிற்கு வருவோம். இப்பிரதேசத்தின் மாடுகளும் எருமைகளும் மரபாகப் பட்டியாக வளர்க்கப்பட்டவை. அவை பாலுக்காக மாத்திரம் பேணப்படவில்லை. வயலை மிதித்துச் சேறாக்கவும், அறுவடையின்பின் சூடு மிதிக்கவும் எருமைகளே பயன்பட்டன. பயிர்க்காலத்தில் வயலை விட்டு அப்பால் உள்ள மேய்ச்சற்றரைகளுக்குப் பட்டிகள் கொண்டுசெல்லப்பட்டன. ஆகவே பால் சுரந்த இடமும் தேநீர் அருந்திய கரையோர வீடும் ஒன்றுக்கொன்று தொலைவில் இருந்தன. வெப்பமான இந்நிலத்திற் கறந்த பால் சில மணி நேரத்திற்குள் திரிந்துவிடும். அதனைச் சட்டியில் உறையவைத்துத் தயிராக்குதலே கெடாது கொண்டுசெல்லும் வழி. தயிரின் பெருமை சுவையினால் மாத்திரம் எழுந்ததன்று. குளிரூட்டலும் விரைவான போக்குவரத்தும் இல்லாத சமூகம் கண்ட தீர்வு அது. பால் தயிராகிச் சந்தைக்குச் சென்றது. தேநீர்க் கோப்பைக்கு வரவில்லை.

1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் இச்சூழலை மாற்றிற்று. இங்கினியாகலையில் அணை எழுந்தது. சேனநாயக்க சமுத்திரம் உருவாயிற்று. புதிய குடியேற்றங்களும் வயல்களும் தோன்றின. 1961இல் அம்பாறை தனி மாவட்டமாயிற்று. நெல்லுற்பத்தி விரிந்தபோது காடும் மேய்ச்சல் நிலமும் சுருங்கின. உழவு இயந்திரம் பரவியதும் எருமையின் வயற்பயன் அற்றுப்போயிற்று. பின்வந்த நீண்ட போர்க்காலத்தில் உட்பகுதி மேய்ச்சற்றரைகளுக்குச் செல்வதே ஆபத்தாயிற்று. பட்டி வளர்ப்பின் பொருளியல் அடித்தளம் இவ்வாறு பல முனைகளிலும் தளர்ந்தது.

மறுபுறத்திற் பால்மா வளர்ந்தது. 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த தேசியப் பாற் சபை, உள்நாட்டுப் பாலைச் சேகரித்து விநியோகிக்க முயன்றது. 1977இல் திறந்த பொருளாதாரக் கொள்கை வந்தபின் இறக்குமதிப் பால்மா, விளம்பரத்தின் துணையுடன், சிற்றூர்க் கடை வரையும் சென்றது. பெருமளவு நியூசிலாந்திலிருந்து வந்த அது தூய்மைக்கும் குழந்தை வளர்ச்சிக்கும் அடையாளமாகக் காட்டப்பட்டது. கெடாதது, எங்கும் கிடைப்பது, ஒரு கரண்டி போதுமானது என்பன அதன் மெய்யான வசதிகள். பெண்ணின் அடுக்களை வேலையை அது குறைத்ததையும் மறுப்பதற்கில்லை. ஆனால் அவ்வசதியின் விலை அந்நியச் செலாவணியோடு பிணைந்திருந்தது.

இப்பிணைப்பின் விளைவு 2021, 2022ஆம் ஆண்டுகளில் வெளிப்பட்டது. 2021 ஒக்டோபரில் விலைக் கட்டுப்பாடு நீக்கப்பட்டதும் ஒரு கிலோகிராம் இறக்குமதிப் பால்மா 945 ரூபாவிலிருந்து 1195 ரூபாவாயிற்று. 2022 மார்ச்சில் அது 1945 ரூபாவை அடைந்தது. கடைகளில் ஒரு கோப்பைப் பால் தேநீர் 100 ரூபா எனப்பட்டது. பல கடைகள் பால் தேநீரையே நிறுத்தின. வீடுகள் மீண்டும் இஞ்சி போட்ட வெறுந் தேத்தண்ணீருக்குத் திரும்பின. டொலர் தட்டுப்பாடு என்ற பெரும் பொருளாதாரச் சொல்லை ஒவ்வொரு அடுக்களையும் பாலற்ற கோப்பையிற் படித்தது எனலாம்.

5. ஆக்கும் முறையும் பெண்களின் அறிவும்

பாலின் வடிவமே தேநீர் ஆக்கும் முறையையும் தீர்மானித்தது என்பது நமது கருத்து. இந்திய முறையில் இலை, பால், சீனி, வாசனைப் பொருள் யாவும் ஒரே பாத்திரத்திற் கொதிக்கின்றன. திரவப் பாலும் கொதிக்கவல்ல கடுஞ்சாய இலையும் அங்கு உண்டு. இலங்கையில் இலையைக் கொதிநீரில் ஊறவிட்டு, வடித்து, கோப்பையிலுள்ள பால்மாவோடும் சீனியோடும் கலந்து, இரு பாத்திரங்களுக்கிடையே ஆற்றுவதே பெருவழக்கு. இலங்கைத் தூளை நெடுநேரம் கொதிக்கவிட்டால் துவர்ப்பு மிகும்; பால்மாவைக் காய்ச்ச வேண்டிய தேவையும் இல்லை. ஆகவே வாசனைப் பொருள் பாலிற் சேர வாய்ப்பின்றி, முதலில் நீரிலேயே சேர்கிறது.

பட்டிப்பால் கிடைக்கும் வீட்டில் முறை மாறுகிறது. கறுவாப் பட்டை கடினமானது; ஆதலின் அது இஞ்சியோடு முதலிலேயே நீரில் இடப்படும். கராம்பு ஒன்றிரண்டு போதும். மிகுந்தால் ஏனையவற்றை மூடிவிடும். இலையை இட்டுச் சிறிது நேரத்தின்பின் பால் சேரும். ஏலத்தின் நறுமணம் விரைவில் ஆவியாகும். எனவே அது தோலோடு தட்டி இறுதியில் இடப்படும். பச்சை இஞ்சியைப் பாலில் நேரே போடலாகாது என்பது அடுக்களையின் உறுதியான விதி. இஞ்சியிலுள்ள நொதியம் ஒன்று பாற்புரதத்தைச் சிதைத்துத் திரளச்செய்யும். கொதிநீரில் அந்நொதியம் செயலிழக்கும். விஞ்ஞானம் விளக்குவதற்கு முன்னரே, பால் திரிந்த அனுபவத்திலிருந்து பெண்கள் இதனை அறிந்து மகளுக்குக் கற்பித்தனர். பாற்புரதம் சாயத்தின் துவர்ப்பைப் பிணைத்துத் தணிக்கிறது. கொழுப்பு வாசனை எண்ணெய்களைக் கரைத்துக்கொள்கிறது. பசுப்பாலினும் ஏறத்தாழ இருமடங்கு கொழுப்புடைய எருமைப்பாலில் ஏலமும் கறுவாவும் செறிவாக மணப்பதன் காரணம் இதுவே.

1970களின் பிற்பகுதியிலிருந்து வளைகுடா நாடுகளுக்கு உழைக்கச் சென்றோரில் இக்கரையோரப் பெண்களும் பலராவர். பிறர் வீட்டு அடுக்களையில் அவர்கள் ஆக்கிய தேநீருள் ‘கரக்’ எனப்படும் ஏலமிட்ட பால் தேநீரும் ஒன்று. தென்னாசியத் தொழிலாளர் அங்குக் கொண்டுசென்ற பானம் அது. தகரத்தில் அடைத்த செறிபாலே அதன் அடிப்படை. தென்னாசியத் தெருவில் இலையை மிச்சம்பிடிக்கப் பிறந்த பானம், வளைகுடாவில் விருந்தோம்பலின் சின்னமாகி, இன்று புதுமையென மீண்டு வருகிறது. அதனைச் சுமந்தவை வணிக நிறுவனங்கள் மாத்திரமல்ல; குழந்தைகளைத் தாய்மாரிடம் விட்டுச் சென்ற பெண்களின் கைகளுமாகும்.

முடிபு

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, வாசனைப் பால் தேநீர் மாறாத மரபு அன்று என்பது புலனாகிறது. வாசனை பழைய மருந்தறிவிலிருந்து வந்தது. இலை பெருந்தோட்டத்திலிருந்து வந்தது. பால் கப்பலில் வந்தது. இவை மூன்றையும் ஒன்றாக்கியது பெண்ணின் உழைப்பு. இவற்றுள் எதனை மறந்தாலும் நாம் எழுதுவது வரலாறாகாது, வெறும் பெருமிதமாகும்.

இலையைப் பறித்தவர்களின் குடியுரிமை 1948ஆம் ஆண்டுச் சட்டத்தினாற் பறிக்கப்பட்டது. எஞ்சியிருந்த நாடற்றோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே வந்தது. நாட்சம்பளம் 1000 ரூபாவாக வேண்டும் என்ற கோரிக்கை நெடும் போராட்டத்தின்பின் 2021இலேயே சட்ட வடிவம் பெற்றது. கரையோரத் தமிழரும் முஸ்லிம்களும் நாள்தோறும் மலையகத்தின் உழைப்பைப் பருகுகின்றனர். அவ்வுழைப்பாளரின் துயரைத் தம் அரசியலின் மையத்திற் போதிய அளவு வைத்தனரா என்பது நாம் நம்மிடமே கேட்கவேண்டிய வினாவாகும்.

பாலின் வினாவும் தீரவில்லை. அம்பாறை மாவட்டத்தின் வட்டமடு மேய்ச்சற்றரை தொடர்பாகக் கால்நடை வளர்ப்போருக்கும் பயிர்ச்செய்கையாளருக்கும் நெடுநாட் பிணக்கு இருந்துவந்துள்ளது. மட்டக்களப்பு மாவட்டத்தின் மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சற்றரைகளுக்காகப் பாற்பண்ணையாளர் 2023 செப்டெம்பரிற் சித்தாண்டியில் அறப்போராட்டம் தொடங்கினர். இவை இனப் பிணக்குகளாக மாத்திரம் பேசப்படுவது வழக்கம். நிலத்தை எவர், எதன்பொருட்டுப் பயன்படுத்துவது என்ற பொருளியல் வினாவே இவற்றின் அடியில் உள்ளது. வட்டமடுவில் மேய்ப்பவர் பெரும்பாலும் தமிழர், பயிர் செய்பவர் பெரும்பாலும் முஸ்லிம்கள் என்பதனால், இரு சாராரின் வாழ்வுக்கும் இடந்தரும் நிலத்திட்டமொன்று இல்லாமையே உண்மையான குறை என்பது மறைந்துவிடலாகாது.

மேய்ச்சல் நிலமும், அண்மையிற் பால் சேகரித்துக் குளிரூட்டும் ஏற்பாடும், வளர்ப்போருக்கு நியாய விலையும் அமையுமாயின், பட்டிப்பால் காரைதீவுக்கும் மாளிகைக்காட்டிற்கும் நிந்தவூருக்கும் நாள்தோறும் வருதல் இயலாததன்று. அப்போது ஏலமும் இஞ்சியும் மணக்கும் பால் தேநீர், டொலரின் ஏற்றவிறக்கத்திற்கு அஞ்சாத வீட்டுப் பானமாகும். அதுவரை, 2022இன் அடுக்களைகள் கண்டதுபோல, இஞ்சி தட்டிய வெறுந் தேத்தண்ணீரே இக்கரையோரத்தின் உறுதியான பானமாயிருக்கும்.